மாமனை வெட்டிய சமன்பாடு

சாராம்ச ஆசாமி என்று ஓர் இனம் பெருகி வருவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். கதை சொல்ல ஆரம்பித்தால் "கடைசியில என்ன ஆச்சு?" என்பார். சாவுச் செய்தி சொன்னால் "எப்ப எடுக்கறாங்க?" என்பார். இந்த இனத்தில் முற்றி விளைந்த ஒருவரைப் பார்க்க நாமக்கல்லுக்குத்தான் வர வேண்டும். அங்கே ஒரு விடுதிப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறார் நவநீதகிருஷ்ணன்.

அமிலமும் காரமும் கலந்தால் என்ன ஆகும்? பிள்ளைகள் பலகை நிறைய எழுதுவார்கள். இவர் சிவப்புச் சாக்குக்கட்டியை எடுப்பார். இந்தப் பக்கமும் சோடியம், அந்தப் பக்கமும் சோடியம், வெட்டு! குளோரைடும் அப்படியே, வெட்டு! இவையெல்லாம் வேடிக்கை பார்க்க வந்த அயனிகள். ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்து தண்ணீர் ஆவதுதான் மிச்சம். "அவ்வளவுதாஞ் சங்கதி!" என்று கையைத் தட்டுவார். வினிகர் மாதிரி வலுவில்லாத அமிலம் வந்தால் மட்டும் நிதானம். அது பெரும்பாலும் பிரியாமலே கிடக்கும். அதை அயனிகளாகப் பிரித்து எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண்ணும் போகும், திட்டும் கிடைக்கும்.

பள்ளியோடு விட்டாரா? அவரிடமே வேதியியல் படித்த மகள் பிரவீனாவின் கல்யாண அழைப்பிதழ், அச்சுக்குப் போகும் முன் திருத்தக் கைக்கு வந்தது. நம் பக்கத்து அழைப்பிதழைத்தான் தெரியுமே, பாதி ஊரின் பெயர் அதில் இருக்கும். சிவப்புப் பேனாவைத் திறந்தார். பெண் வீட்டிலும் பெரியப்பா, மாப்பிள்ளை வீட்டிலும் பெரியப்பா, வெட்டு! இந்தப் பக்கமும் தாய்மாமன், அந்தப் பக்கமும் தாய்மாமன், வெட்டு!

"ஏனுங்க, எங்கண்ணன் பேரு?" என்று பதறினாள் மனைவி கமலவேணி.

"கல்யாணத்துக்கு முன்னாடியும் உங்கண்ணன், பின்னாடியும் உங்கண்ணன். ஏதாச்சும் மாறுதா?"

நேரில் போய் அழைத்தாரா? வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

கல்யாணத்தன்று கமலவேணியின் அண்ணன், கோழிப்பண்ணை சின்னண்ணன், வந்தார். வந்தவர் கடைசி வரிசை நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தாய்மாமன் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டாமல் அந்த மேடையில் தாலி ஏறாது.

"மச்சான், பட்டங் கட்டோணும், வாங்க!" என்று கூப்பிட்டார் நவநீதகிருஷ்ணன்.

"நானுங்ளா? நான் வேடிக்கை பாக்க வந்தவனுங்க மாப்ள."

முகூர்த்தம் ஓடிக்கொண்டிருந்தது. நவநீதகிருஷ்ணனுக்குத் தன் பேனாவே மகளின் கல்யாணத்தை நிறுத்திவிடும் போலிருந்தது. மாலையும் கழுத்துமாக பிரவீனாவே மேடையிலிருந்து இறங்கி வந்தாள்.

"அப்பா, வினிகரப் பிரிச்சு எழுதுனேன்னு எனக்கு மார்க்கக் கொறைச்சீங்களே, ஞாவகம் இருக்குதுங்ளா? அம்மாவும் மாமனும் அந்த மாதிரி பிரியாதவங்க, அவங்கள மட்டும் பிரிச்சு எழுதலாமுங்ளா? பிரிச்சதுனாலதான் வெட்ட முடிஞ்சுது. போயி முழுசாக் கூப்புடுங்க."

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. மகள் பாடத்தை மறக்கவில்லை என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. வெற்றிலைத் தட்டோடு கடைசி வரிசைக்குப் போனார்.

"மச்சான், நல்லாருக்கீங்ளா?"

"இருக்கறனுங்க."

"ஊட்ல அக்கா சௌக்கியங்ளா? உங்க பக்கம் மழைங்க?"

"மழையவா கேக்கறீங்க?" சின்னண்ணன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். பெய்யாத மழையில் தொடங்கி, தீவன விலைக்கு வந்து, முட்டை ஏற்றிப் போன லாரி வழியில் டயர் வெடித்து நின்றது வரை சாவகாசமாகச் சொன்னார். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்தபடி விழித்தார். நவநீதகிருஷ்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் ஒரு சொல்லைக்கூட வெட்டவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக "அப்பறமுங்க?" என்று கேட்டார்.

சின்னண்ணன் சட்டென்று எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "நேரமாச்சு, இன்னும் என்ன பேச்சுங்க மாப்ள? சுருக்கா வாங்க!"

பட்டம் கட்டினார். தாலி ஏறியது. கமலவேணி அழுதுகொண்டே சிரித்தாள்.

அது இருக்கட்டும். "பட்டம் கட்டினாரா இல்லையா, அதைச் சொல்லித் தொலையேன்" என்று மழையையும் டயரையும் தாண்டி இந்த வரிக்குக் குதித்து வந்தவர் யாராவது இங்கே இருக்கிறீர்களா? விடையை மேலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். திரும்பிப் போய்த் தேடுங்கள். போகிற வழியில் உங்கள் தாய்மாமனுக்கு ஒரு போன் போட்டு, அவர் பக்கம் மழை உண்டா என்று கேட்டுவிடுங்கள்.