கொண்டைகளில் சிதறிய மரபணுக் கவிதை

பிச்சிப்பூ வாசம் அடித்தால் மற்றவர்களுக்குக் காதல் வரும், இல்லையென்றால் சாமி வரும். எனக்கு முதுகில் வியர்க்கிறது. சங்கரன்கோவில் பூச்சந்தையைக் கடக்கும்போது பஸ் ஜன்னலை மூடிவிடுகிறேன். அந்த வாசத்துக்குள்தான் என் கவிதை ஒன்று துண்டு துண்டாகக் கிடக்கிறது.

அப்போது நான் உரைநடைக் கவிஞன். (இப்போதும்தான். அது வியாதி என்று அப்போது தெரியாது.) எனக்குப் பேசி வைத்திருந்த கோமதி, பயோடெக்னாலஜி படித்துக் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். பெண் பார்த்த அன்று என் கவிதையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அசத்தாமல் விடுவதில்லை என்று மரபணு பற்றி மேய ஆரம்பித்தேன். நான்கே எழுத்து, மூன்று மூன்றாகச் சேர்ந்தால் ஒரு சொல். பாசியிலிருந்து பண்ணையார் வரை ஏறக்குறைய ஒரே அகராதி. அந்த எழுத்துகளைச் சோதனைக் குழாயில் கலக்கிக் கணக்குக்கூடப் போட வைத்திருக்கிறார்களாம். மூலக்கூறு கணக்குப் போடும்போது பூ கவிதை சொல்லாதா?

பூ வைக்கும் விசேஷம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண் தலையில் பூ வைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. வைக்கப்போகும் சரத்திலேயே கோமதிக்கு ஒரு கவிதை எழுத, பிச்சி, கனகாம்பரம், மரிக்கொழுந்து, டிசம்பர் பூ என்று நான்கை எடுத்து, மூன்று பூவுக்கு ஓர் எழுத்து என்று வைத்தேன். தமிழின் உயிரும் மெய்யும் அடங்கி மிச்சமும் இருந்தது. இயற்கை அந்த மிச்சத்தில் ஒரே சொல்லுக்குப் பல கூட்டுகளை வைத்திருக்கிறது, ஓர் எழுத்து பிசகினாலும் உயிர் பிழைத்துக்கிடக்கட்டும் என்று. கோடானுகோடி வருஷம் அடிபட்டுப் பழகிய நிதானம். கவிஞனுக்கு எதற்கு நிதானம்? ஒரு பூ பிசகினாலும் கவிதை செத்துப்போகும்படி அமைத்தேன். முடிவில் மரபணுவில் உள்ளபடியே 'நிறுத்து' என்று ஒரு குறி: கனகாம்பரம், பிச்சி, பிச்சி. அட்டவணையைக் கோமதிக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். பதில் இல்லை.

நான் ஒவ்வொரு பூவாகச் சொல்லச் சொல்லக் கட்டிய பூக்கடை அண்ணாச்சி, சரத்தைத் தூக்கிப் பார்த்தார். "தம்பி, எங்கடையில கட்டுனதுன்னு மட்டும் வெளிய சொல்லிராதீய."

பெண் வீட்டில் கோமதியின் சித்தி முகம் சுருங்கியது. சந்தையைக் கூட்டிப் பெருக்கிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று அடுக்களையில் பேசியது எனக்கே கேட்டது. சம்பிரதாயத்துக்குச் சரத்தின் வால் நுனியைக் கிள்ளிக் கோமதி தலையில் வைக்கச் சொன்னாள் சித்தி. மேலே நல்ல பூவை வைத்து மறைத்தாள். மீதியை நறுக்கி, வந்திருந்த பெண்களுக்கெல்லாம் கொடுத்தாள். பூ வைத்தால் அப்படிப் பங்குவைப்பார்கள் என்று ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்கு மரபணு தெரிந்திருந்தது, இது மறந்துபோயிருந்தது.

என் கவிதை கொண்டை கொண்டையாக ஏறி வீடெங்கும் நடமாடியது. சோதனைக் குழாயில் இப்படித்தான் கலங்குமாம், கடைசியில் விடை கிடைத்துவிடுமாம். நானும் பின்னாலேயே போய்ப் படித்துக் கோர்க்கப் பார்த்தேன். அடுக்களை வாசலில் பாதி 'உயிர்' நின்றது. மீதி, பந்தியில் பாயசம் விட்டுக்கொண்டிருந்தது.

கோமதியின் பெரியப்பா என் தோளைத் தொட்டார். "என்ன மாப்ளே, வந்ததுலேருந்து பொம்பளையாளுக பின்னாலயே சுத்துதீய?"

"படிச்சுக்கிட்டு இருக்கேன் மாமா."

"எத?"

"கொண்டைய."

தட்டு மாற்றுவது நின்றது. யோசித்துச் சொல்லி அனுப்புவதாகப் பெரியப்பா கும்பிட்டார். (எங்கள் பக்கம் அதற்கு 'மாட்டோம்' என்று அர்த்தம்.) அம்மா அழுதுகொண்டே காரில் ஏறினாள்.

கார் கிளம்பும் நேரம் கோமதி வாசலுக்கு வந்தாள். உள்ளங்கையில் கனகாம்பரம் ஒன்று, பிச்சி இரண்டு. (இன்றும் நான் வீட்டில் கவிதை வாசிக்கத் தொடங்கினால், எங்கள் மகள் பேசாமல் அந்த மூன்று பூவைத்தான் மேஜையில் வைக்கிறாள்.)

"எனக்கு இதுதான் கெடச்சுது. அட்டவணையில பாத்தேன், 'நிறுத்து'ன்னு வருது. எத நிறுத்தணும்? சம்பந்தத்தையா, கவிதையையா?"

"கவிதைய" என்றேன்.

"அப்பச் சரி. பெரியப்பாட்ட நான் பேசிக்கிடுதேன்."