கதவைக் கழற்றிய முதல்வர்

"சார், கதவை மறுபடியும் மாட்டிடலாம்" என்று கெஞ்சினார் துணை முதல்வர். அவர் கையெல்லாம் சோப்பு நுரை. கழுவத் தண்ணீர் வரவில்லை.

சமுதாயக் கல்லூரியின் புது முதல்வர் அசைந்து கொடுக்கவில்லை. யாரும் எப்போதும் தன்னைப் பார்க்கலாம் என்பது அவர் கொள்கை. அதற்காகவே, பதவியேற்ற கையோடு தன் அறைக் கதவைக் கழற்ற வைத்தார். அன்றிலிருந்து கூட்டம் தாங்கவில்லை. உள்ளே நுழைகிறவரை "வாங்க, புதுசா என்ன யோசனை?" என்று மடக்குவார். வந்தவர் திருதிருவென்று விழித்து, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக நழுவுவார். சொன்னது அன்றே அமலுக்கு வந்துவிடும்.

"குழாய் வேலை வகுப்பை நம்ம கழிவறையிலயே நடத்தலாம்" என்று ஒரு மாணவர் உளறப்போய்த்தான் தண்ணீர் நின்றது.

"கவலைப்படாதீங்க, அதுக்கும் யாராவது யோசனை சொல்லுவாங்க. உங்ககிட்ட ஏதாவது இருக்கா?" என்றார் முதல்வர்.

"எனக்கெதுக்கு சார் அதெல்லாம்?"

அடுத்து மாட்டியவர் தையல் ஆசிரியை. "வகுப்புகளை இடம் மாத்திப் பார்க்கலாமே சார்" என்றார். மதியத்துக்குள் தையல் மிஷின்கள் மோட்டார் பட்டறைக்குப் போயின. மோட்டார்கள் தையல் அறைக்கு வந்தன. வெள்ளைத் துணியெல்லாம் கிரீஸ்.

"கூட்டத்தைக் குறைக்க வழி பாருங்க சார்" என்றார் துணை முதல்வர்.

"பாவம், நின்னுக்கிட்டே பேசறாங்க" என்று இரண்டு பெஞ்சு போட்டார் முதல்வர். உட்கார்ந்தவர்களுக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. அவ்வளவுதான், கல்லூரி தலைகீழானது.

துணை முதல்வருக்கு வேறொரு கவலை. மறுநாள் ஆய்வுக் குழு வருகிறது. அவர்கள் தலையாட்டாவிட்டால் மாலை வகுப்புகளுக்கு மூடுவிழா. வேலை முடித்து ஓடிவந்து படிக்கிற டிரைவர்களும் பிள்ளைக்காரிகளும் எங்கே போவார்கள்?

காலையில் ஆய்வுக் குழுத் தலைவி கிரீஸ் துணிகளைத் தாண்டி வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. முதல்வர் அறையில் நிரம்பி வழிந்த கூட்டத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"மத்த இடத்துல முதல்வர் ரூம் பக்கமே ஒரு ஆள் தலைகாட்ட மாட்டாங்க. இங்க இப்படி மொய்க்கிறாங்களே. தலைமைன்னா இதுதான் சார். அடுத்த வாரம் எல்லாக் கல்லூரி முதல்வர்களையும் கூட்டிட்டு வரேன், இந்தக் கூட்டத்தை அவங்க பார்க்கணும். அவங்க முன்னாடியே மாலை வகுப்புக்குக் கையெழுத்துப் போடறேன்."

அவர் போனதும் முதல்வர் சந்தோஷத்தில் துணை முதல்வரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அன்றும் குழாயில் தண்ணீர் இல்லை; அவர் கையிலிருந்த நுரை தன் சட்டையில் ஒட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை.

பின்வாசல் வழியாகக் கேன்டீன் அக்கா டீயோடு வந்தார்.

"நாளையிலேர்ந்து உங்களுக்குத் தொந்தரவு இல்ல சார். கேன்டீன் பாதையில வெட்டிப் போட்டிருந்த பள்ளத்தை இப்பதான் மூடினாங்க. இனிமே யாரும் டீ குடிக்க உங்க ரூமுக்குள்ள பூந்து வரவேண்டியதில்ல."

துணை முதல்வர் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"சார், எனக்கு ஒரு யோசனை. மறுபடியும் தோண்டிடலாம்."