வடாம் டின்மேல் ரப்பர் இறால்

சிரஞ்சீவி மாப்பிள்ளை ஸ்ரீநிவாஸுக்கு, வலியசாலையிலிருந்து மாமனார் வெங்கடகிருஷ்ணன் ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், மூக்கு நீங்கலாக. அங்கே நீங்களும் ஜானவியும் சௌக்கியமாக இருக்க மகாதேவர் அருளட்டும்.

இன்று காலை உறுதியான செய்தி இது: நம் தெருவில் ஒரு வாரமாக அடிக்கும் மீன் நாற்றம், நம் மாடியில் வாடகைக்கு இருக்கும் ஜெயகுமார் வீட்டு அடுக்களையிலிருந்து வரவில்லை. மளிகைச் சாமான் வைக்கும் நம் உக்கிராண அறையிலிருந்து வருகிறது. தகவல் தந்தவர் உங்கள் மாமியார் வாலாம்பாள். புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சம்பவ இடத்திலேயே நின்று தந்தார். பிறகு நானும் நேரில் போய்ச் சரிபார்த்தேன்.

மாப்பிள்ளையைக் கோபித்துக்கொள்ளும் வழக்கம் நம் குடும்பத்தில் இல்லை. ஆகவே இதைக் கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆயுள் முழுவதும் நிருபராக இருந்தவன் எழுதும் செய்தியாக எடுத்துக்கொள்ளவும். ஃபோனில் சொல்ல வந்தால் "மீட்டிங்ல இருக்கேன் மாமா" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதுவும் இதைக் கழக்கூட்டத்தில் உங்கள் ஆபீஸ் வரை கொண்டுவந்து உங்கள் கையில் தரப்போகிறவர், உங்கள் பக்கத்துக் கட்டடத்தில் வேலை பார்க்கும் அதே ஜெயகுமார். வாங்கும்போது அவர் முகத்தை ஒரு தரம் பார்க்கவும்.

போன வாரம் உங்கள் பெயருக்கு இங்கே ஒரு பார்சல் வந்தது. "ஆபீஸ் சாமான் மாமா, வெயில் படாம குளிர்ச்சியா வெச்சுக்கோங்கோ, ஜானவிகிட்ட சொல்ல வேண்டாம்" என்றீர்கள். மாப்பிள்ளை சொல்லிவிட்டால் உங்கள் மாமியாருக்கு அது சாசனம். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் என்று உக்கிராண அறையைத் தேர்ந்தெடுத்து, வாயில் வெள்ளைத் துணி வேடு கட்டியிருந்த வடாம் டின்மேல் பார்சலைப் பத்திரமாக வைத்தார். ஒரு மூலை கிழிந்திருந்ததை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. மறுநாளே நாற்றம் ஆரம்பித்தது. அதற்கு மறுநாள், தெருச் சமூகத்தின் செயலாளர் பிச்சுமணி மூக்கை முன்னால் விட்டுக்கொண்டு பின்னால் வந்தார். வந்தவர் நேரே மாடியைப் பார்த்தார். "ஓய், நான் அன்னிக்கே சொன்னேனா இல்லியா? மீன் திங்கறவாளுக்கு வீடு கொடுக்காதேன்னு. இப்ப மணக்கறது, கேட்டேளா!" என்றார். மாடியிலிருந்து ஜெயகுமாரின் மனைவி ஜிஷா இறங்கி வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு ட்யூட்டி முடிந்து அப்போதுதான் கண் அசந்திருக்கிறாள். "ஸாரே, இந்த வீட்டுக்கு வந்தப்புறம் அடுக்களையில ஒரு நெத்திலி கேறினதில்ல. திங்கணும்னா அம்மை வீட்டுக்கு பஸ் ஏறிப் போறேன். தின்னுட்டுப் பேர் வாங்கினா சங்கடமில்ல, தின்னாமலே பேரா?" என்றாள். நியாயமான கேள்வி. பிச்சுமணி மூக்கை இன்னும் ஓரங்குலம் உயர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

வந்தவரை வெறும் வாயோடு அனுப்பக் கூடாது என்று வாலாம்பாள் அதே டின்னிலிருந்து வடாம் எடுத்துப் பொரித்து வைத்தார். இனி எழுதுவது நான் கண்ணால் கண்டது. பிச்சுமணி ஒன்றைக் கடித்தார். நிறுத்தினார். இன்னொன்றைக் கடித்தார். "வாலாம்பா, இந்தத் தடவை வடாத்துல என்ன சேர்த்தேள்? ஒரு தனி ருசியா இருக்கே! இன்னும் ரெண்டு போடுங்கோ" என்றார். ஒரு கையில் வடாமும் மறு கையில் மாடியைச் சுட்டும் விரலுமாக, மாமிச வாசனை இந்தத் தெருவுக்கே ஆகாது என்று முக்கால் தட்டு காலியாகும்வரை பேசினார். போகும்போது ஆத்துக்காரிக்கு என்று ஒரு பொட்டலமும் வாங்கிப் போனார்.

இன்று காலை உங்கள் மாமியார் மறுபடி வடாம் எடுக்கப் போனபோதுதான் பார்சலின் கிழிசல் வழியாக ஒரு மீசை நீட்டிக்கொண்டிருந்தது. "ஏன்னா, ஓடி வாங்கோ, மாப்பிள்ளையோட ஆபீஸுக்குக் கால் முளைச்சிருக்கு!" என்று அலறினார். பிரித்தேன். உள்ளே ஒரு பை நிறைய ரப்பர் இறால். இரண்டு ரப்பர் தவளை, ஒன்று பச்சை, ஒன்று ஆரஞ்சு. ஆரஞ்சு நிறத்தில் தவளையை நான் கேரளத்தில் எங்கும் கண்டதில்லை, தமிழ்நாட்டிலும் கண்டதில்லை. வால் இருக்க வேண்டிய இடத்தில் சுழலும் தகடு. கூடவே ஒரு விளக்கத் தாள். இந்த சீசனின் புது நுட்பமாம்: தவளையைத் தூண்டிலில் மாட்டித் தாமரை இலைமேல் எறிந்து, மெல்ல இழுத்து, இலை ஓரத்தில் நிறுத்திவிட வேண்டும். வரால் மீன் பாய்ந்து கவ்வினால் உடனே இழுக்கக் கூடாது, அது வாயை மூடும்வரை பொறுக்க வேண்டும். இறாலை அடியில் விட்டு, இரண்டு தரம் சுண்டி, சும்மா இருக்க வேண்டும். செயற்கை இறால் மணம் ஏற்றப்பட்டது, மீன்கள் மிகவும் விரும்புகின்றன என்று அச்சிட்டிருக்கிறார்கள். எந்த மீன்? யாரிடம் சொன்னது? எதிர்த் தரப்பை விசாரித்தார்களா? இப்படி ஒரு செய்தியை நான் கொடுத்திருந்தால் என் ஆசிரியர் என்னைச் சந்திப்பிழை பார்க்க உட்கார்த்தியிருப்பார்.

உங்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மாமா, வெள்ளாயணி ஏரியில வரால் எல்லாம் இப்போ பழைய தவளைய மதிக்கறதில்லை. பிடிச்சு, ஃபோட்டோ எடுத்துட்டு, திரும்பத் தண்ணியில விட்டுடுவோம். புழு கிடையாது, கொலை கிடையாது. பக்கா சைவம்!" என்றீர்கள். நான் நாற்றத்துக்கு வருவதற்குள் உங்களுக்கு மீட்டிங் வந்துவிட்டது. எத்தனையோ மோசடி வழக்குகளை எழுதியவன் நான். எல்லாவற்றிலும் ஏமாற்றியவனுக்கு ஏதோ ஆதாயம் இருந்தது. இல்லாத இறாலைக் காட்டி, இல்லாத மணத்தை ஏற்றி, பசித்த மீனை வாய் திறக்க வைத்து, கடைசியில் "ஒன்றுமில்லை, போ" என்று அனுப்பும் மோசடியை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அந்த வரால் வீட்டுக்குப் போய் என்ன சொல்லும்?

மீன் போகட்டும். மாடி வீட்டை நான் காலி செய்விக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குச் சமூகம் தீர்மானம் போடப் போகிறது. ஜிஷா இங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகிறாள். மகளை இந்த மாசம்தான் பக்கத்துப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் ரப்பருக்காக ஒரு குடும்பம் பெட்டி கட்ட வேண்டுமா? கூட்டத்தில் நான் உண்மையைச் சொல்வேன். சொன்னால் உங்கள் பெயர் வரும், ஜானவிக்கும் தெரியும். நானாகச் சொல்வதைவிட நீங்களே வந்து சொல்வது மரியாதை. சனிக்கிழமை மாலைக்குள் வரவும், பார்சலை எடுத்துப் போகவும், இனி இந்த வீட்டு வாசலில் தவளை, இறால் வகையறா எதுவும் இறங்கக் கூடாது.

தீர்க்காயுசாக, சகல சௌபாக்கியங்களுடன், கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு இருக்கவும்.

இப்படிக்கு,
வெங்கடகிருஷ்ணன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் பிச்சுமணி தன் வீட்டுக் காலி டின்னோடு வந்து நின்றார். ஆத்துக்காரி இன்னும் வடாம் கேட்டாளாம். எனக்கு ஞாயிறு வரை பொறுக்க முடியவில்லை, டின்மேல் இருந்தது இன்னதென்று சொல்லிவிட்டேன். முகம் வெளிறிப் போனது. "சாமானே ரப்பரா?" "ரப்பர்." "மணம்?" "செயற்கைன்னு அச்சடிச்சிருக்கு." விளக்கத் தாளை வாங்கி அந்த வரியை இரண்டு தரம் படித்தார். "பின்னே தோஷமில்லை. மாடி விஷயம் முடிஞ்சது, தீர்மானம் கிடையாது. நான் மூணு தரம் கேட்டு வாங்கினது மட்டும் மினிட்ஸ்ல வரப்படாது" என்றார். மாடிக்கு ஏறிப் போய் ஜிஷாவிடம் அதையே சொன்னார், வடாத்தைத் தவிர்த்து. இறங்கி வந்து ஆரஞ்சுத் தவளையைக் கையில் எடுத்துத் தகட்டைச் சுழற்றிப் பார்த்தவர், குரலைத் தாழ்த்தி, "ஓய், இதுக்கு நெஜமாவே வரால் ஏமாறுமா?" என்றார். எதிர்த் தரப்பை விசாரிக்காமல் எப்படிச் சொல்ல? ஞாயிறு காலை ஆறு மணிக்கு வெள்ளாயணிக்குப் புறப்படுகிறோம், ஜெயகுமார் காரில். "பிடிச்சதத் திரும்ப விடவா? என்கிட்ட தாருங்கோ ஸாரே, அம்மை வீட்டுக்குப் போறேன்" என்கிறாள் ஜிஷா. பார்சலை எடுத்துப் போக வேண்டாம். சனிக்கிழமை தூண்டிலோடு வரவும், ஜானவியிடம் ஆபீஸ் வேலை என்று சொல்லிக்கொள்ளவும். நிலுவையில் இருப்பது ஒன்றுதான்: பச்சையா, ஆரஞ்சா? ஞாயிறு காலை ஒன்பது மணிக்குள் மீன் தரப்பிலிருந்து பதில் எதிர்பார்க்கப்படுகிறது.