அரைச் சுற்றில் ஒரு கல்யாணம்

என் வாழ்க்கையில் நான் நாசமாய்ப் போன இடங்களைக் கணக்கெடுத்தால், முட்டாள்தனத்தால் போனது ஒன்றுமே இல்லை. எல்லாம் கெட்டித்தனத்தால் போனவை. அதில் ஆகப் பெரியது என் அக்காவின், அதாவது ராத்தாவின், கல்யாணம்.

யுத்தம் முடிந்து, பாதைகள் திறந்து, அறுகம்பேக்கு வெள்ளைக்காரர்கள் திரும்பத் தொடங்கிய காலம். எனக்கு இருபத்திமூன்று வயது. கல்முனைக்குடியில் வீட்டுக்குப் பின்னால் கடல் இருக்க, பஸ் ஏறிப்போய் இன்னொரு கடலைப் பார்க்கிற வயது. அங்கே தேத்தண்ணி குடிக்க நுழைந்த கெஸ்ட் ஹவுஸில்தான் அதைக் கண்டேன். மேசையில், பூச்சாடிக்குப் பக்கத்தில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு கண்களோடு ஒரு கறுப்புப் பெட்டி.

"கமராதான் தம்பி. எந்தக் காலத்திலயோ ஒரு வெள்ளக்காரன் விட்டுட்டுப் போனது" என்றார் கெஸ்ட் ஹவுஸ் முதலாளி லாபிர் நானா.

மேல் மூடியைத் திறந்து குனிந்து பார்த்தேன். உள்ளங்கை அளவுக் கண்ணாடியில் கடல், தோணி, நாய் எல்லாம் வண்ணத்தோடு அசைந்தன. இடது வலதாக, வலது இடதாகத் தெரிந்தது. அதனாலென்ன? (காதல் வந்தவனுக்கு எந்தப் பக்கம் எந்தப் பக்கமென்று எவன் பார்க்கிறான்?) கையில் காசில்லை. கட்டியிருந்த மணிக்கூட்டைக் கழற்றிக் கொடுத்தேன். கமராவோடு பெட்டி உடைக்காத ஒரேயொரு பிலிம் சுருளும் கிடைத்தது. அந்த மணிக்கூடு ராத்தாவுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை கட்டாரிலிருந்து எனக்கென்று அனுப்பியது. அது பஸ் அக்கரைப்பற்றைத் தாண்டிய பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது.

உம்மாவுக்கு ஒரே ஒரு கவலை. சுனாமியில் ஆட்கள் மிஞ்சினோம், அல்ஹம்துலில்லாஹ். படம் ஒன்றும் மிஞ்சவில்லை. அல்பங்களோடு அலுமாரியே போய்விட்டது.

"நான் கலியாணம் முடிச்சதுக்கே இப்ப அத்தாட்சி இல்ல. மகள்ட கலியாணத்திலயாவது எல்லாரும் ஒரு படத்தில இரிக்கணும்" என்பார்.

ஆனால் ஸ்டூடியோக்காரனைப் பெண்கள் பக்கம் விட முடியாது. போனில் எடுத்தால் மகரிபுத் தொழுகைக்கு முன் ஊர் முழுக்க ஓடிவிடும். நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"நான் சொந்தத் தம்பி. ரெண்டு பக்கமும் நானே எடுப்பன். ஸ்டூடியோக்காரன் என்னத்துக்கு? ஆம்புளப் பக்கத்துக்கும் வேணாம் எண்டு சொல்லுங்க."

உம்மா நம்பினார். (பெற்ற தாய், வேறு என்ன செய்வார்?)

பிரச்சினை பிலிமில் வந்தது. மீடியம் போமட் என்று சொல்லப்படுகிற அகலமான பிலிம் அது. ஒரு சுருளில் பன்னிரண்டு படம்தான். உம்மாவின் பட்டியலிலோ இருபத்திமூன்று. சின்னம்மா முறையான சாச்சிமார் தனியாக, மாமிமார் தனியாக, கட்டாயம் எடுக்கவேண்டிய கோபக்காரர்கள் தனித்தனியாக. ஒருவரை விட்டாலும் ஐந்து வருடத்துக்குப் பேச்சுவார்த்தை இருக்காது.

கமராவின் முதுகில் சின்னச் சிவப்புக் கண்ணாடி ஒன்று உண்டு. ஒரு படம் எடுத்ததும் அடுத்த இலக்கம் அதில் தெரியும்வரை திருகைச் சுற்றவேண்டும். அங்கேதான் என் மூளை மின்னியது. முழுதாக ஏன் சுற்றவேண்டும்? பாதி சுற்றி நிறுத்தினால் பன்னிரண்டு இருபத்திநான்காகிவிடுமே! இவ்வளவு பெரிய கம்பனிக்காரனுக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று அவனுக்காகக் கொஞ்சம் பரிதாபப்பட்டேன்.

கல்யாணத்தன்று வாசலில் குரவைச் சத்தம். மாப்பிள்ளையின் காலைக் கழுவுவது பெண்ணின் தம்பி வேலை. கமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு செம்பை எடுத்தேன். என் புது மச்சான் குனிந்து என் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார்.

"மச்சான், நான் அனுப்பின மணிக்கூடு எங்க?"

"இந்தா, கழுத்தில தொங்குது."

அதன்பிறகு எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. "சாச்சி, வலப்பக்கம்!" என்றேன். கண்ணாடியில் சாச்சி எதிர்ப்பக்கம் போனார். "அங்கால இல்ல, இன்னும் வலப்பக்கம்!" என்று கத்தினேன். சொன்னபடியே போன சாச்சி கடைசியில் குசினிக்குள் நின்று, "இனியும் போறண்டா சுவர இடிக்கணும், மகன்" என்றார். கல்யாணப் பதிவான காவின் எழுதும்போது மச்சானை எடுத்தேன். அரைச் சுற்று. ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹனை, சோற்றுமேல் பொரித்த கோழியோடு, மேலிருந்து எடுத்தேன். அரைச் சுற்று. உள்ளே ஓடிப்போய் ராத்தாவை எடுத்தேன். அரைச் சுற்று. மச்சானின் உம்மாவை எடுத்தேன். இருபத்திமூன்றும் முடிந்தபோது எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

பிலிமைக் கழுவ நம்மூரில் ஆளில்லை. கொழும்பிலிருந்த பழைய ஸ்டூடியோ ஒன்றுக்கு அனுப்பினோம். மூன்று கிழமை கழித்துப் பார்சல் வந்தது. மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் கூடி உட்கார்ந்தோம். உள்ளே தனித்தனிப் படங்கள் இல்லை. ஒன்றரை முழ நீளத்தில் ஒரேயொரு படம், கூடவே ஒரு துண்டுக் கடிதம்: "எந்த இடத்தில் வெட்டுவது என்று விளங்காதபடியால் வெட்டவில்லை."

ஒவ்வொரு படமும் அடுத்த படத்தின் மேல் பாதி ஏறி உட்கார்ந்திருந்தது. காவின் எழுதிய மச்சான், சஹன் நடுவே சோற்றுக்குள் இடுப்பளவு புதைந்து, தலையில் பொரித்த கோழியோடு கம்பீரமாக இருந்தார். ராத்தாவின் முகத்தில் அவரது மாமியின், அதாவது மச்சானின் உம்மாவின், மூக்குக்கண்ணாடி.

"உம்மா! என்ட மூஞ்சி எங்க?" ராத்தாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"மாமிக்குள்ள தேடிப் பாரு" என்றேன். (அதைச் சொல்லியிருக்கக்கூடாது. ராத்தா எறிந்த செருப்பு குறி தப்பவில்லை.)

உம்மா மட்டும் எழுந்து வந்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரலை மெதுவாக ஓட்டினார். உம்மா கேட்டது ஒரேயொரு விசயம், அதையும் கெடுத்துவிட்டேனே என்று முதல்முறையாக உண்மையாகவே வெட்கப்பட்டேன்.

"சாச்சி இரிக்கா. மாமி இரிக்கா. நற்பிட்டிமுனையால வந்தவங்க இரிக்காங்க..." விரல் முனைக்கு வந்து நின்றது. "எல்லாரும் ஒரு படத்தில இரிக்கணும் எண்டன். இரிக்காங்க. ஒருத்தரும் விடுபடல்ல." சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவர், முந்தானையால் கண்ணைத் துடைக்கும்வரை நிறுத்தவில்லை.

மச்சான் தன் தலையிலிருந்த கோழியை நெடுநேரம் பார்த்தார். "அடுத்த மணிக்கூட்ட நான் என்ட கையிலயே கட்டிக்கிறன்" என்றார்.

பிறகு ராத்தாவுக்கும் மச்சானுக்கும் கல்யாண உடுப்பைத் திரும்ப உடுத்தி, ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய் ஒழுங்கான படமும் எடுத்தோம். அது அலுமாரிக்குள் கிடக்கிறது. சுவரில் நீளமாகத் தொங்குவது என்னுடையது.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் சஹன் வைத்தால், மூடியைத் திறக்குமுன் யாராவது ஒருவர் குனிந்து, "மச்சான், உள்ளுக்கா இரிக்கீங்க?" என்று கேட்பார். தலையெல்லாம் வழுக்கையான மச்சான், பக்கத்தில் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தபடியே பதில் சொல்வார்:

"ஓம். கைய மெதுவா வைங்க."