பித்தக் குழாய்க்குக் கட்டிய காப்பு

ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வருகிறவர்களைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை. வைத்தியத்தோடு வருகிறாரே ஒருவர், அந்த ஜாதியைப் பற்றித்தான் இப்போது பேச்சு. அவருக்கு டாக்டர் பட்டம் கிடையாது. அதனால் சந்தேகமும் கிடையாது. உங்களுக்கு என்ன நோயோ, அது அவருடைய மச்சானுக்கு இரண்டு பங்கு வந்திருக்கும். மச்சான் பிழைத்தாரா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

டிராங்கெபார் பேட்டை ஐயாசாமி இந்த ஜாதியில் மூத்தவர். 1967 தைப்பூசம் முடிந்த வாரம், சேன் பியேர் கிராமத்து நாகலிங்கத்தைப் பார்க்க மொரீஷியஸின் போர்லூயி ஆஸ்பத்திரிக்கு வந்தார். நாகலிங்கத்துக்குக் கணையத்தில் இருந்த கட்டியை வெட்டி எடுத்து, பித்தக் குழாயைக் குடலோடு தைத்து, தையல் ஆறும்வரை பித்தம் வடிய ஒரு ரப்பர் குழாய் வைத்து, அதன் நுனியைக் கட்டிலடியில் தொங்கிய பாட்டிலில் விட்டிருந்தார்கள். “இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் ஆபத்து” என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனைவி பூங்காவனம் புருஷன் முகத்தைவிடப் பாட்டிலைத்தான் அதிகம் பார்த்தாள்.

“பித்தம்னா உடம்புக்கு நெருப்பு, தங்கச்சி! அதைப் போய் பாட்டில்ல பிடிக்கிறாங்களே! மோ தீர் ஊ...” என்று ஆரம்பித்தார் ஐயாசாமி.

‘மோ தீர் ஊ’ என்றால் ‘நான் சொல்கிறேன், கேள்’. அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் மொரீஷியஸில் டாக்டர்களுக்கு என்ன வேலை?

சட்டைப் பையிலிருந்து கோயில் காப்புக் கயிறு வெளியே வந்தது. வலக்கை முழுக்க ஊசியும் பிளாஸ்திரியும். இடக்கையில் கட்டினால் ஆணுக்கு ஆகாது. ஐயாசாமி யோசித்தார். அவர் யோசித்ததுதான் வினை. நோய் இருக்கிற இடத்திலேயே கட்டிவிட்டால் போயிற்று! போர்வையை விலக்கி, ரப்பர் குழாயில் இறுக்கி மூன்று முடிச்சு.

“அண்ணே, டொக்தேர் தொடாதீங்க சொன்னார்...”

“சாமி கயிறு. பா காஞ் த்ராக்கா!”

கவலைப்படாதே என்றால் கவலை போய்விடுமா? ஆனால் சாமி கயிற்றைத் தப்பு என்று யார் சொல்வது? பூங்காவனம் பாட்டிலையே பார்த்தாள். சற்று நேரத்தில் பாட்டிலில் சொட்டு நின்றது.

“பார்த்தியா? நின்னு போச்சு!” என்றார் ஐயாசாமி.

பாவி மனுஷி, அவளும் பாதி நம்பினாள். நாற்பது கட்டிலுக்கு இரண்டு நர்ஸ். பாட்டிலை யார் எட்டிப் பார்ப்பது?

மறுநாள் அவள் வந்தபோது நாகலிங்கத்துக்குக் குளிர்க்காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. கண் மஞ்சளாக இருந்தது. அவள் அலறிய அலறலில் நர்ஸ் பியெரெட் ஓடிவந்து போர்வையை விலக்கினாள்.

“கிசான்லா ஃபீன் அதாஸ் சா?” யார் கட்டியது என்று கேட்டவள், கத்தரிக்கோலை எடுத்தும் தயங்கினாள். அவள் கழுத்தில் சிலுவை. அடுத்தவர் சாமியின் கயிறாயிற்றே!

“கூப்பே, மாம்செல்! வெட்டு! சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்!” என்றாள் பூங்காவனம்.

கயிறு அறுந்தது. தேங்கிய பித்தம் கலங்கலாக இறங்கியது. டாக்டர் உப்புநீர் விட்டுக் குழாயைக் கழுவினார். வேளை தவறாமல் ஊசி போட்டார்கள். நான்கு நாள் பூங்காவனத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள்தான் காய்ச்சல் விட்டது.

அன்றைக்குத்தானா ஐயாசாமி வரவேண்டும்! “காய்ச்சல் போயிடுச்சா? கயிறு வேலை செஞ்சிருக்கு!” அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அங்கே ஒருவருக்குக் கால் முறிவு. மச்சானுக்கு இரண்டு காலும் முறிந்திருந்ததாம்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். ஆனாலும் வாசிக்கும்போது, ‘கொஞ்சம் தளர்த்திக் கட்டியிருக்கலாமே’ என்று ஒரு யோசனை தோன்றியதா? தோன்றியிருந்தால், தயவுசெய்து பழத்தை யாரிடமாவது கொடுத்தனுப்பிவிட்டு வீட்டிலேயே இருங்கள்.