பாதி நடவில் செத்துப்போன மாப்பிள்ளை

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றுதான். பதினோரு மணிக்கு வயலுக்கு டீ கொண்டு போக வேண்டும்.

கேனில் டீ. தூக்குவாளியில் முப்பது மெதுவடை. ஒரு கட்டு பேப்பர் கப். நான் பி.இ. சிவில். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. அதற்குத் தாலுகா ஆபீஸில் வாங்கிய சான்றிதழே இருக்கிறது. டீ சிந்திவிடுமோ என்று பயந்து வண்டியை இருபதுக்கு மேல் ஓட்டவில்லை. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. பின்னால் நடந்ததற்கும் டீக்கும் சம்பந்தமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் எல்லோரும் இந்தக் குழுவில் "இந்த மாதம் பார்த்தவை" என்று பட்டியல் போடுகிறீர்கள். கொரியா, ஸ்பெயின் என்று உலகம் சுற்றுகிறீர்கள். "நீ என்னடா பாக்குறே?" என்று இரண்டு பேர் என்னையும் கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொல்லித்தான் அன்றைக்கு மாட்டிக்கொண்டேன். அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

நான் பார்ப்பது ஒரே ஒரு இந்தி சீரியல்.

ரசனை எல்லாம் கிடையாது. கத்தாரில் சைட் சூப்பர்வைசர் வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். கும்பகோணத்து ஏஜென்ட் என் மார்க் ஷீட்டை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் சரி தம்பி. இந்தி வருமா?" என்றார்.

"வராது சார்."

"அங்க கம்பி கட்டுறவன்லேருந்து கிரேன் ஓட்டுறவன் வரைக்கும் இந்திதான். நாலு மாசம் இந்தி சீரியல் பாருங்க. தானா வந்துடும்."

நான் எதையும் முறையாகச் செய்கிறவன். ஒரு நோட்டு வாங்கி நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் இந்தி, வலது பக்கம் தமிழ். நாலு மாதத்தில் துரோகம், வாரிசு, விஷம், சத்தியம், "இந்த வீட்டில் இனி உனக்கு இடமில்லை" எல்லாம் கற்றுக்கொண்டேன். செங்கல்லுக்கு இந்தியில் என்ன என்று இன்னும் தெரியாது. அந்தக் குடும்பத்தில் யாரும் எதையும் கட்டவில்லை.

பதினைந்து நாள் முன்பு டிஷ்ஷில் இந்திச் சேனல் பேக் முடிந்துவிட்டது. அப்பா, "நடவு முடியட்டும், போட்டுக்கலாம்" என்றார். என் இந்தி அந்த இடத்தில் நின்றது. கதையும் அந்த இடத்தில் நின்றது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வயலுக்கு வருவோம்.

நன்னிலம் பக்கம் எங்களுக்குக் குத்தகை நிலம் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். நாற்று முதல் நாளே பறித்தாகிவிட்டது. வாய்க்காலில் முறைத் தண்ணீர் அன்று சாயங்காலத்தோடு நின்றுவிடும். அடுத்த முறை வர ஒரு வாரம். நடுவதற்கு ஆள் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். செல்வி அக்காவையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் கொண்ட நடவுக் கூட்டம்தான் எங்கள் சுற்றுவட்டாரத்துக்கே கதி. அவர்களுக்கும் மறுநாள் குத்தாலம் பக்கம் வேலை. ஆக, அன்று சாயங்காலத்துக்குள் நட்டால் நட்டதுதான். இல்லையென்றால் கட்டி வைத்த நாற்று முடிகள் வயலிலேயே பழுத்துப் போகும்.

நான் போகும்போது பாதி வயல் பச்சை. மீதிப் பாதி சேறு. அப்பா தூரத்தில் மதகு அருகே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எல்லோரும் கரையேறி, பூவரசு நிழலில் உட்கார்ந்தார்கள். நான் கப்பில் டீ ஊற்றிக் கொடுத்தேன். செல்வி அக்கா வடையைப் பிட்டுக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

"என்ன தம்பி, சாயங்காலமானா டிவி முன்னாடி நோட்டு வச்சுகிட்டு உக்காந்துடுறீங்களாமே? அம்மா சொல்லிச்சு. அப்படி என்னதான் பாக்குறீங்க?"

"ஒரு இந்தி சீரியல்கா. பாயல்னு ஒரு பொண்ணு. புருஷன் பேரு அபய்."

பன்னிரண்டு பேரும் வடை மெல்வதை நிறுத்தினார்கள்.

"நம்ம பாயலா?" என்றார் செல்வி அக்கா.

அதே சீரியலைத் தமிழில் டப்பிங் செய்து, மூன்று வாரம் பின்னால் காட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கூட்டம் மொத்தமும் தினம் ஏழு மணிக்கு அதைத்தான் பார்க்கிறது. பாயல் அவர்களுக்கு மகள் மாதிரி. அபய்யைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுகூட இல்லை. மாப்பிள்ளைதான்.

"தமிழ்ல இப்ப எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டேன். மரியாதைக்குத்தான் கேட்டேன்.

ராணி உற்சாகமாகச் சொன்னாள். அவளுக்கு என் வயதுதான் இருக்கும். புருஷன் கத்தாரில் இருக்கிறார். "மாப்பிள்ளை நேத்துதான் பாயலோட மாமியாரை எதுத்துப் பேசிட்டு, கார் எடுத்துகிட்டு மலைக்குக் கெளம்பினாரு!"

"அச்சச்சோ!" என்றேன்.

அவ்வளவுதான். வேறு எதுவும் சொல்லவில்லை. ஆனால் சீரியல் பார்த்துப் பழகியவர்களிடம் அந்த ஒரு அச்சச்சோ போதும்.

"ஏன் அச்சச்சோ?"

"ஒண்ணுமில்லக்கா."

"கார்ல ஏதாச்சுமா?"

"டீ ஆறுது, குடிங்க."

"தம்பி, என் மூஞ்சியப் பாருங்க."

பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. என் முகத்தில் எதுவும் நிற்காது. பரீட்சை ஹாலில் பக்கத்துப் பையன் காப்பியடித்தாலும் ஆசிரியர் என் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்.

வசந்தா அக்கா என்று ஒருவர் அவசரமாக எழுந்தார். "எனக்கு யாரும் சொல்லாதீங்க! நான் ஏழு மணிக்குப் பாத்துக்குறேன்!" என்று சேற்றுக் கையாலேயே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வயலுக்குள் இறங்கிவிட்டார்.

மற்ற பதினொரு பேரும் அசையவில்லை.

"சொல்லுங்க தம்பி. சொன்னாத்தான் கரையிலேருந்து காலு எறங்கும்" என்றார் செல்வி அக்கா.

சொன்னேன். நோட்டில் குறித்ததை வரிசை மாறாமல் சொன்னேன். மலைப்பாதை. பிரேக் இல்லை. பள்ளம். வீட்டுக்கு போலீஸ் போன். போட்டோவுக்கு மாலை. பாயல் வெள்ளைப் புடவை.

 

ஒரு அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். இன்னொருவர், "அந்தப் புள்ள இப்பத்தானே முழுகாம இருக்கு!" என்றார். மூன்றாமவர் மாமியாரின் ஏழு தலைமுறையையும் அழைத்துத் திட்ட ஆரம்பித்தார். ராணி கப்பைக் கீழே வைத்துவிட்டு நிஜமாகவே அழுதாள்.

"அக்கா, இது கதைதான்கா" என்றேன்.

"கதைன்னா? ரெண்டு வருசமா தெனம் பாக்குறோம். எங்க நாத்தனார் புருஷனைக்கூட நான் அவ்வளவு பாத்ததில்லை!"

"நடவு..."

"எந்தக் கையி தம்பி நாத்தைத் தொடும்? செத்த இருங்க."

செத்த நேரம் என்பது இருபது நிமிஷமானது. அரைமணி ஆனது. வயலில் வசந்தா அக்கா மட்டும் தன்னந்தனியாகப் பின்னோக்கி நகர்ந்து நட்டுக்கொண்டிருந்தார். அரை ஏக்கருக்கு ஒரு ஆள். எந்த மொழியில் கணக்குப் போட்டாலும் சாயங்காலத்துக்குள் முடியாது.

அப்பா மதகிலிருந்து வந்தார்.

"ஏன்டா எல்லாரும் உக்காந்திருக்காங்க? யாருக்கு என்ன?"

"அபய் செத்துட்டாருப்பா."

அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார். "எந்த ஊரு?"

சொன்னேன். அப்பா துண்டைத் திரும்பத் தோளில் போட்டார். என்னை வரப்பு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தண்ணி அஞ்சு மணியோட நிக்குது."

"தெரியும்பா."

"அவனை எப்படியாவது உசுரோட கொண்டாந்துடு."

"அது எப்படிப்பா? நான் பாத்த வரைக்கும் போயிட்டாரு."

"நாலு வருசம் காலேஜ் அனுப்புனேன். ஒரு ஆளைப் பொழைக்க வைக்க முடியாதா?"

நான் வாழ்க்கையில் பெரிதாகப் பொய் சொன்னது கிடையாது. நல்லவன் என்பதால் இல்லை. சொன்னால் காது சிவந்துவிடும். பத்து நிமிஷம் வரப்பில் இப்படியும் அப்படியும் நடந்து, வசனம் தயார் செய்தேன். மரக்கிளை, ஆதிவாசிகள், பச்சிலை வைத்தியம், தாடி. நன்றாகத்தான் வந்திருந்தது.

பூவரசு நிழலுக்குப் போய், தொண்டையைச் செருமினேன். "அக்கா, ஒரு விஷயம் சொல்ல மறந்துட்டேன். அவரு பொழச்சு வந்துட்டாரு. நான் பாத்தேன்."

செல்வி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி. ஏன் உங்க காது ரெண்டும் செக்கச்செவேல்னு இருக்கு?"

"வெயில்..."

"நெழல்ல நிக்கிறீங்க."

அவ்வளவுதான், நிலைமை இன்னும் மோசமானது. இவ்வளவு நேரம் வருத்தம் மட்டும்தான் இருந்தது. இப்போது கோபமும் சேர்ந்தது. "படிச்ச புள்ள, சாவு விஷயத்துல பொய் சொல்லலாமா?" என்று ஒரு அக்கா கேட்டார். ராணி இன்னும் அழுதுகொண்டிருந்தாள். "அந்த மனுசனும் மூணு நாளா போன் பண்ணலைக்கா" என்று அவள் மெதுவாகச் சொன்னபோதுதான், அவ்வளவு நேரமும் அவள் யாருக்காக அழுதாள் என்று எனக்குப் புரிந்தது.  எனக்கு நாற்றே மறந்துவிட்டது.

"மன்னிச்சுக்கங்க. நான் பொய்தான் சொன்னேன்" என்றேன். "மாலை போட்டதோட எங்க டிஷ் பேக் முடிஞ்சுபோச்சு. அதுக்கு மேல எனக்கு எதுவும் தெரியாது. அந்தப் பள்ளத்துல போலீசு ரெண்டு நாள் தேடுச்சு. சட்டை மட்டும்தான் கெடச்சுது. அதுக்கப்புறம்..."

"இருங்க, இருங்க." செல்வி அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன கெடச்சுது?"

"சட்டை. ஒரு பக்கம் கிழிஞ்சது."

"பொணம்?"

"காட்டலை."

"மொகத்தைத் தொறந்து காட்டலையா?"

"மொகமே இல்லைக்கா. சட்டைதான்."

பதினொரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு செல்வி அக்கா சிரித்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை. வடை புரையேறும் சிரிப்பு.

"அட தம்பீ! பொணத்தைக் காட்டலைன்னா ஆளு சாகலைன்னு அர்த்தம்! இதுகூடத் தெரியாமயா நாலு மாசம் நோட்டு போட்டீங்க?"

"அப்ப மாலை?" என்றேன்.

"மாலை போட்டாத்தானே அவன் திரும்ப வரும்போது பாயல் கையிலேருந்து பூசைத் தட்டு கீழ விழும்! மூணு வாரத்துல வந்துடுவான் பாருங்க. தாடியோட. பழசெல்லாம் மறந்திருக்கும்."

"ஒரு நர்ஸு கூட வருவா" என்றார் இன்னொருவர்.

"அந்த நர்ஸு நல்லவ இல்லை" என்றார் மூன்றாமவர்.

நான் நாலு மாதம் பார்த்ததைவிட, பார்க்காத கதையை அவர்கள் தெளிவாகச் சொன்னார்கள். ஒவ்வொருவராக எழுந்து புடவையைத் தூக்கிச் செருகினார்கள். ராணி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

செல்வி அக்கா அவள் முதுகில் ஒரு தட்டு தட்டினார். "உனக்குச் சட்டை வந்துச்சா?"

"இல்லக்கா."

"போன்தானே வரலை? கார்டு போட மறந்திருப்பான். எறங்குடி."

ராணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். இறங்கினாள்.

அதற்குப் பிறகு அவர்கள் நட்ட வேகத்தை நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளை எந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று பேசிக்கொண்டே நட்டார்கள். மாமியாரைத் திட்டிய வேகத்தில் இரண்டு வரிசை கூடுதலாகவே முடிந்தது. நாலே முக்காலுக்குக் கடைசி முடி பிரிந்தது. ஐந்துக்குத் தண்ணீர் நின்றது.

கரையேறும்போது வசந்தா அக்கா என்னிடம் வந்தார். காதில் சேறு காய்ந்து கெட்டியாகியிருந்தது.

"ஏன் தம்பி, எல்லாரும் எதுக்கு அழுதாளுக?"

"ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு காதைப் பார்த்தார்.

"அய்யோ, மாப்பிள்ளைக்கு என்ன ஆச்சு?" என்று வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, நடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

மறுநாள் சொன்னபடி அப்பா சேனல் பேக் போட்டுக்கொடுத்தார். நோட்டோடு உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திரையில் ஒரு கோயில் வாசல். தாடி வைத்த ஒருவன் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் ஒரு நர்ஸ்.

"இவன்தான் அவனா?" என்றார் அப்பா.

"ஆமாம்பா."

அப்பா அந்தத் தாடியை ரொம்ப நேரம் முறைத்துப் பார்த்தார். நர்ஸையும் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"அடுத்த தடவை யாரையாவது சாகடிக்கிறதா இருந்தா, நடவு முடிஞ்சப்புறம் சாகடி."