பதிவு முப்பத்திரண்டு, வருகை முப்பத்து மூன்று

ஆரணியிலேயே, ஏன், வட ஆற்காடு மாவட்டத்திலேயே ஒரே சமயத்தில் நான்கு குரூப் படித்த பிளஸ் டூ மாணவி ஒருத்திதான் உண்டு. அவளுடைய மதிப்பெண் பட்டியலில் தேர்ட் குரூப் என்று மட்டும் இருக்கும். அதை நம்பாதீர்கள். அரசாங்கத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எங்கள் பெண்கள் பள்ளியில் அவளை எல்லோரும் ‘விருந்தாளி’ என்றே கூப்பிட்டோம். ஆசிரியைகளுக்கும் அதுதான் பெயர்.

பிளஸ் டூ அப்போது புதிது. பத்தாவது முடித்து வந்தவர்களை மார்க்கைப் பார்த்துப் பிரித்து உட்காரவைத்தார்கள். நிறைய மார்க் என்றால் கணக்கும் பௌதிகமும் உள்ள பர்ஸ்ட் குரூப். குறைந்தால் சரித்திரமும் வணிகவியலும் உள்ள தேர்ட் குரூப். அதற்கும் கீழே என்று ஊரே தப்பாக நினைத்துக்கொண்டிருந்த நர்சிங், டைப்ரைட்டிங் வகுப்புகள். உனக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எங்களுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

நான் பர்ஸ்ட் குரூப். வகுப்பு லீடரும்கூட. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர்கள் கிடையாது. அப்பா பட்டுத் தறிக்காரர். பர்ஸ்ட் குரூப் என்றால் ஊரிலேயே முதலாவதாக வந்த ஒரே பெண்ணுக்குக் கொடுப்பது என்று புரிந்துகொண்டு, சேலை கொடுக்கப் போகும் கடைகளிலெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அந்த வகுப்பில் என்னோடு சேர்த்து முப்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள் என்று நான் கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை.

ஒரு நாள் பௌதிக டீச்சர் பாடத்தை ஆரம்பிக்கும்போது கடைசி பெஞ்சுக்குப் பின்னால் ஒரு புதுத் தலை தெரிந்தது. பெஞ்சில் இடமில்லை. அந்தப் பெண் ஹாஸ்டலில் சாப்பிட உட்காரும் மணையைக் கையோடு எடுத்து வந்து, சுவரோரமாகப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

நீ யார் என்று டீச்சர் கேட்டார். தேர்ட் குரூப் என்றாள்.

“அப்ப உன் கிளாஸ்ல என்ன நடக்குது?”

“பானிபட் சண்டைங்க டீச்சர். அது முடிஞ்சு ரொம்ப நாளாச்சு. நாளைக்கிக் கேட்டாலும் அதேதான். இங்க கரென்ட் பாடம்னு சொல்லிகினு இருந்தாங்க, அதான் வந்தேன்.”

வகுப்பு சிரித்து அடங்கியதும் விஷயத்தைச் சொன்னாள். அவள் ஊர் படவேடு. அவர்கள் கிணற்று மோட்டாரின் காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், வருஷத்துக்கு இரண்டு முறை எரிந்துபோகிறது. ஒவ்வொரு முறையும் பயிர் வாடுகிறது. ஏன் எரிகிறது என்று கேட்டால், மோட்டார் என்றால் எரியத்தான் செய்யும் என்கிறார்கள். அவளுக்கு அது போதவில்லை.

டீச்சர் சாக்பீஸால் சுவரோரத்தைக் காட்டினார். “சரி, இன்னைக்கு ஒரு நாள் விருந்தாளியா உக்காரு” என்றார். அந்த ஒரு நாள் ஒன்றரை வருஷம் நீடித்தது.

மின்வாரிய ஆபீசுக்கு மனு எழுத வேண்டும் என்று தோன்றியபோது, கடிதம் எழுதும் முறையை அவள் சொந்த வகுப்பின் வணிகவியல் டீச்சரே சொல்லிக்கொடுத்தார். அந்த வாரம் மட்டும் அவள் தன் வகுப்பில் ஒழுங்காக இருந்தாள். அதை டைப் அடிக்க வேண்டுமே என்று அடுத்த வாரம் மணை டைப்ரைட்டிங் அறைக்குப் போயிற்று. மோட்டாரில் ஷாக் அடித்தால் என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. மணை நர்சிங் வகுப்புக்குப் போயிற்று.

நர்சிங் வகுப்பில் கட்டுப் போட்டுப் பழக ஒரு தலை தேவைப்பட்டது. விருந்தாளி தன் தலையைக் கொடுத்தாள். நெற்றி, காது, தாடை எல்லாம் வெள்ளைத் துணி சுற்றி, கட்டை அவிழ்ப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அப்படியே சரித்திர வகுப்புக்குப் போனாள். சரித்திர டீச்சர் இளகிய மனசுக்காரர். பதறிப்போய், போய்ப் படுத்துக்கொள் என்று இரண்டு நாள் லீவு கொடுத்தார். அந்த இரண்டு நாளும் அவள் எங்கள் பௌதிக வகுப்பில் இருந்தாள், கட்டோடு.

எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. நான் விதிகளால் ஆன பெண். அவரவர் இடத்தில் அவரவர் உட்கார வேண்டும். அந்த இடத்துக்கு வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இவள் மணையோடு வந்து சுளுவாக உட்கார்ந்துவிடுகிறாள். அதோடு நான் கேட்க நினைத்தும் கேட்காத கேள்விகளை எல்லாம் கேட்டுவிடுகிறாள்.

அவளுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. அவள் அப்பா ஒரு நிபந்தனையோடு ஹாஸ்டலில் விட்டிருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு புகார் வந்தால் போதும், படிப்பு அதோடு முடிந்தது, மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட வேண்டும். இது பள்ளி முழுக்கத் தெரியும். அதனால் ஆசிரியைகள் அவள் உலாவைப் பற்றி ஹெட்மிஸ்ட்ரஸ் காதில் போடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

வகுப்பு லீடருக்குத் தினமும் ஒரு வேலை உண்டு. கரும்பலகையின் மூலையில் பதிவு எத்தனை, வருகை எத்தனை என்று எழுத வேண்டும். வந்தவர்களை எண்ணி எழுது என்று டீச்சர் முதல் நாள் சொல்லியிருந்தார். நான் எண்ணி எழுதினேன். அவள் வந்த நாட்களில் பதிவு முப்பத்திரண்டு, வருகை முப்பத்து மூன்று. அந்த மூலையை யாருமே படிப்பதில்லை என்பது எனக்குத் தெரியாது.

படித்தவர் ஒருவர் வந்தார். சோதனைக்கு வந்த கல்வி அதிகாரி. ஹெட்மிஸ்ட்ரஸ் பின்தொடர எங்கள் வகுப்புக்குள் நுழைந்தவர், கரும்பலகை மூலையில் கண்ணை வைத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் வைத்தார்.

“இருக்கிறது முப்பத்திரண்டு பேரு. வந்தது முப்பத்து மூணா?”

ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைப் பார்த்தார். நான் எழுந்து, எண்ணித்தான் எழுதினேன் என்று பெருமையாகவே சொன்னேன். சொல்லி முடித்தபோதுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. பின்னால் விருந்தாளி மணையை எடுத்து மார்போடு அணைத்தபடி எழுந்து நின்றாள்.

அதிகாரி அவளை விசாரித்தார். மோட்டார் கதை வரைக்கும் முழுதாகக் கேட்டார். பிறகு ஹெட்மிஸ்ட்ரஸ் பக்கம் திரும்பினார்.

“கிளாசை விட்டு ஓடற பிள்ளைங்களை நிறைய பார்த்திருக்கேன். கிளாசுக்குள்ள ஓடி வர்ற பிள்ளைய இப்பதான் பார்க்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போய்விட்டார். ஹெட்மிஸ்ட்ரஸ் போகவில்லை. அன்று சாயங்காலமே படவேட்டுக்குக் கடிதம் போயிற்று.

நான்காம் நாள் அவள் அப்பா வந்தார். கிடைத்த ஒரே பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். கையில் அவள் துணிமணிகளைக் கட்ட ஒரு காலிப் பை. ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் என்னைச் சாட்சியாக நிறுத்தினார்கள்.

“உங்க பொண்ணு கிளாஸ்ல உக்கார்றதில்ல” என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

“எங்கம்மா போறா? சினிமாவுக்கா?”

“இல்ல. பௌதிகத்துக்கு.”

அவர் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “கிளாசுக்குப் போவாம கிளாசுக்குப் போறாளா? எனக்கு வெளங்கலீங்க.”

எத்தனை நாள் உங்கள் வகுப்புக்கு வந்தாள் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கேட்டார். எனக்கு வேறு எப்படிப் பதில் சொல்வது என்று தெரியாது. இந்த வருஷம் மட்டும் நாற்பத்தொரு நாள் என்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. காலிப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நாப்பத்தோரு நாளும் இன்னா பண்ணா?” என்று அவள் அப்பா என்னைக் கேட்டார்.

“பாடம் கவனிச்சாங்க. கேள்வி கேட்டாங்க. அவங்க கேட்டாதாங்க எங்களுக்கும் புரிஞ்சுது” என்றேன். பிறகு, யாரும் கேட்காமலே, “அவங்க இருந்தா நல்லா இருக்கும்” என்றும் சொன்னேன். விதிகளால் ஆன பெண் விதியை மீறிப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவள் அப்பா ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்.

“போன லீவுல வந்து மோட்டார் கொட்டாயில மூணு பல்பு மாட்டிட்டுப் போனா. கரென்ட் மூணு லைன்ல வருதாம், ஒண்ணுல கொறஞ்சாலே காயில் எரியுமாம், அதான் லைனுக்கு ஒரு பல்பு. மூணும் பளிச்சுனு எரிஞ்சாதான் சுவிட்ச் போடணும், ஒண்ணு மங்கினாலும் கை வெக்காதேன்னா. அதுல இருந்து காயில் எரியல. நெல்லு வீட்டுக்கு வந்திச்சு. இது புகார்னா, இன்னம் ரெண்டு புகார் எழுதுங்கம்மா.”

ஹெட்மிஸ்ட்ரஸ் பேனா மூடியைத் திருகினார். ரூல் என்று ஒன்று இருக்கிறதே என்றார், பாதி தனக்குத்தானே. கடைசியில் அவரே ஒரு ரூல் எழுதினார். மற்ற நேரமெல்லாம் அவரவர் வகுப்பு. வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட், பதினொன்றும் பன்னிரண்டும் படிக்கிற எவளும் எந்த வகுப்பிலும் உட்காரலாம். அவள் அப்பா காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

விருந்தாளி தேர்ட் குரூப்பில் பாஸ் செய்தாள், பிரமாதமான மார்க் ஒன்றுமில்லை. இன்று படவேட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டுவது அவள்தான். கலசப்பாக்கத்திலிருந்துகூட வண்டியில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு வருகிறார்களாம்.

அந்த முதல் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் சந்தை மாதிரி ஆயிற்று. நர்சிங் வகுப்பு வாசலில் தள்ளுமுள்ளு. நான் எங்கே போவது என்று தெரியாமல் வராந்தாவில் இரண்டு முறை நடந்தேன். பிறகு, இதுவரை எட்டிக்கூடப் பார்க்காத சரித்திர வகுப்புக்குள் நுழைந்தேன். அங்கே விருந்தாளி தன் சொந்த பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மற்ற வகுப்புகளிலெல்லாம் இடம் நிரம்பிவிட்டதாம்.

அவள் பக்கத்தில் போய் நின்றேன். “உன்னை மாட்டிவிட்டது நான்தான்” என்றேன்.

“தெரியும். நாலு கிளாசுக்குப் போய்கினு இருந்தேன். எல்லாரும் உக்கார வெச்சாங்க. நான் வந்திருக்கேன்னு எழுதினவ நீ ஒருத்திதான்” என்று சொல்லி, நகர்ந்து இடம் விட்டாள்.

அன்று அந்த வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் நான் கவனிக்காமல் விட்ட ஒரே பாடம் அதுதான். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை.